தோட்டத்து மைதானத்திலிருந்து கற்பிட்டி வரை: பலத்த காற்றில் விங் ஃபொயில் பழக ஒரு முழு வழிகாட்டி

நுவரெலியாவிலிருந்து கண்டி, குருநாகல், புத்தளம் வழியாக, விங் ஃபொயில் பழகப் போகும் கரையோர ஊரான கற்பிட்டி ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வெள்ளி இரவு புறப்பட்டால் கையில் இருப்பது சனியும் ஞாயிறும்தான். அதில் ஒரு நாள் முழுவதும் விங்கை எந்தக் கையில் பிடிப்பது என்று மணலில் நின்று தடுமாறிக் கழிந்தால், போன காசும் கெட்ட தூக்கமும் வீண். அந்த முதல் நாள் பாடத்தை மலையிலேயே, தோட்டத்து மைதானத்தில் முடித்துவிடலாம். இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கில்தான் போகிறது.

விங் என்பது காற்றடைத்த, கையில் பிடிக்கும் சிறகு. பட்டம் போலக் கயிறு கிடையாது, பாய்மரம் போலக் கம்பமும் கிடையாது. காலுக்குக் கீழே போர்ட். போர்டின் அடியில் மாஸ்ட் என்ற தண்டு. அதன் நுனியில் விமானத்துக்கு இருப்பதைப் போல ஒரு முன் இறக்கையும் சிறிய பின் இறக்கையும். வேகம் பிடித்ததும் இவை போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். மாஸ்ட் மட்டும் நீரைக் கிழித்துக்கொண்டு போகும். தூக்கும் இந்தப் பகுதி மொத்தமும்தான் ஃபொயில்.

எதற்கும் முன்னால் நீச்சல். தரையில் கால் வைக்காமல் 200 மீற்றர் நீந்தவும், 10 நிமிடம் மல்லாந்து மிதக்கவும் முடியாதவர் இதைத் தொடங்க வேண்டாம். மலையகத்தில் ஆற்றையும் குளத்தையும் பார்த்தே வளர்ந்தும் முறையாக நீந்தப் பழகாதவர்கள் நிறைய. மூன்று மாதம் நீச்சலுக்கே ஒதுக்கினாலும் அது நல்ல செலவு.

மலைக் காற்று வேறு, கரைக் காற்று வேறு

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி ஹற்றன், நுவரெலியா, அம்பேவெல பக்கம் வீசுகிறது. அதே காற்று மலையைத் தாண்டி பண்டாரவளை, பதுளைப் பக்கம் இறங்கும்போது மழையை மேற்கிலேயே விட்டுவிட்டு வறண்டு, குத்துக் குத்தாக வரும். இரண்டு பக்கமும் பலம் உண்டு. நிதானம் இல்லை. மலைமுகடோ மரவரிசையோ காற்றை மறித்தால், அதன் உயரத்தைப்போல் 10 முதல் 20 மடங்கு தூரம் வரை பின்னால் காற்று சுழன்றுகொண்டிருக்கும். 20 மீற்றர் உயர மரவரிசைக்குக் கீழ்க்காற்றில் (காற்று போகும் பக்கத்தில்) 300 மீற்றர் தள்ளி நின்றாலும் விங் திடீரென்று தொய்யும், அடுத்த நொடி இழுக்கும்.

இன்னொன்று காற்றின் அடர்த்தி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று கரையோரத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஐதானது. மேலே 20 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர்) காற்றில் விங் இழுக்கும் அளவுக்குக் கற்பிட்டியில் 18 நொட்டே போதும். அதனால் மலையில் கைக்கு இதமாக இருந்த அளவை அப்படியே நம்பி, கரையிலும் அதே பெரிய விங்கோடு இறங்கக் கூடாது.

வேகம் கூடக்கூட இழுவை அதன் இருமடிப்படி (வர்க்கப்படி) ஏறும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 15 நொட்டிலிருந்து 20 நொட்டுக்கு வந்தால் இழுவை ஏறத்தாழ 1.8 மடங்கு. 20இலிருந்து 30க்குப் போனால் 2.25 மடங்கு. காற்று முன்னறிவிப்பில் சராசரியை மட்டும் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சராசரி 18, உச்சக் குத்து 28 என்று இருந்தால் அது 18 நொட் நாள் அல்ல. இரண்டுக்கும் இடையில் 8 நொட்டுக்கு மேல் வித்தியாசம் காட்டும் நாளில் புதியவர் கரையில் இருப்பதே சரி.

என்னென்ன வேண்டும்

முதல் இரண்டு மூன்று பயணங்களுக்கு வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வாங்குவதென்றால் முதலில் விங்கை வாங்குங்கள். மைதானத்தில் பழக அதுதான் வேண்டும், முதுகில் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் போகலாம்.

70 கிலோ எடையுள்ளவருக்கு 14–18 நொட் காற்றில் 5 சதுர மீற்றர் விங், 18–23 நொட்டில் 4, 23–28 நொட்டில் 3 அல்லது 3.5. எடை 55 கிலோவுக்குக் கீழே என்றால் ஒரு அளவு குறையுங்கள், 85ஐத் தாண்டினால் ஒரு அளவு கூட்டுங்கள். ஒரே விங்தான் வாங்க முடியும் என்றால் 4 வாங்குவதே எங்கள் பரிந்துரை. கற்பிட்டியின் தென்மேற்குப் பருவத்துக்கு அதுதான் அதிக நாள் பயன்படும்.

போர்டின் கனஅளவு, பழகும் காலத்தில், உங்கள் எடையோடு 30 முதல் 40 லீற்றர் கூட்டி வருவது. 70 கிலோவுக்கு 100–110 லீற்றர். முன் இறக்கை தொடக்கத்தில் 1,700 சதுர சென்டிமீற்றர் அளவில் இருக்கட்டும். மாஸ்ட் 70–75 சென்டிமீற்றர். நீண்ட மாஸ்ட் பிறகு நல்லது. ஆனால் தொடக்கத்தில் உயரம் கூடினால் விழும் அடியும் கூடும்.

ஹெல்மெட், மோதலைத் தாங்கும் மிதப்பு உடுப்பு, காலுக்கு மெல்லிய சப்பாத்து, போர்டுக்கு ஒரு லீஷ் (உடம்போடு பிணைக்கும் கயிறு), விங்குக்கு ஒரு லீஷ், ஒரு விசில். இவற்றில் எதையும் விட்டுவிட முடியாது. இறக்கையின் விளிம்பு கத்தி மாதிரி. பலத்த காயங்கள் பெரும்பாலும் அதன்மேல் விழுவதால் வருபவை.

மைதானத்தில் நான்கு வாரம்

இடத்தைத் தெரிவதில் அவசரம் வேண்டாம். தோட்டத்து மைதானங்கள் பெரும்பாலும் சரிவை வெட்டி மட்டமாக்கியவை. ஓரத்தில் நேரே பள்ளம். காற்று போகும் பக்கத்து ஓரத்திலிருந்து குறைந்தது 30 மீற்றர் உள்ளே நில்லுங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அந்த மைதானம் வேண்டாம். கவ்வாத்து வெட்டிய மலைக்கு அருகிலும் வேண்டாம். வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்று போதும், விங்கின் துணியைக் கிழித்து உள்ளே இருக்கும் காற்றுப்பையையும் துளைத்துவிடும்.

காற்று அளவு 12–16 நொட் போதும். காற்றுமானி இல்லாவிட்டால் மரத்தைப் பாருங்கள். இலையும் சிறு கிளையும் மட்டும் அசைந்தால் பழகலாம். சிறிய மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் 17 நொட்டைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விங்கின் முன்விளிம்பில் ஓடும் காற்றுக் குழாயில், அதாவது முன்குழாயில், எழுதியிருக்கும் அழுத்தத்துக்குக் காற்றடியுங்கள். பெரும்பாலும் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) இருக்கும். குறைவாக அடித்தால் பலத்த காற்றில் குழாய் வளையும், விங் உருக்குலையும், கை எவ்வளவு சரியாக வேலை செய்தாலும் பயன் இருக்காது.

முதல் வாரம் ஒரு கை வேலை மட்டும். முதுகைக் காற்றுக்குக் கொடுத்து, முன்குழாயின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து உயர்த்துங்கள். விங் காற்றோடு கொடிபோல் பறக்கும், இழுக்காது. இதுதான் உங்கள் அடைக்கலம். தண்ணீரில் எது பிழைத்தாலும் வர வேண்டியது இந்த நிலைக்கு. வலக்கையில் 5 நிமிடம், இடக்கையில் 5 நிமிடம், கண்ணை விங்கில் வைக்காமல் எதிரே பார்த்தபடி.

இரண்டாம் வாரம் பின்கை சேரும். காற்றுக்குக் குறுக்காக நின்று, முன்கையால் முன் கைப்பிடியையும் பின்கையால் பின் கைப்பிடியையும் பிடியுங்கள். பின்கையை உடம்பை நோக்கி இழுத்தால் இழுவை கூடும், தளர்த்தினால் குறையும், விட்டுவிட்டால் அற்றுப்போகும். ஒரு நாளைக்கு 50 தடவை விடுங்கள். எண்ணி விடுங்கள். பயந்தவுடன் இரண்டு கையும் இறுகுவது உடம்பின் இயல்பு, அப்படி இறுகினால் விங் ஆளைத் தூக்கி எறியும். பின்கை தானாகத் திறக்கும்வரை இந்தப் பயிற்சியை நிறுத்தக் கூடாது. பலத்த காற்றுக்கான பயிற்சியில் பாதி இதுவே.

மூன்றாம் வாரம், காற்றுக்குக் குறுக்காக 50 மீற்றர் கோடு போட்டு விங்கோடு நடந்து திரும்புங்கள். திரும்பும் இடத்தில் விங்கைத் தலைக்கு மேல் கொண்டுவந்து கை மாற்ற வேண்டும்: பின்கை கைப்பிடியை விட்டு முன்குழாய்க்கு வரும், அதன் பிறகே மற்றக் கை விடுபட்டுப் பின்னுக்குப் போகும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெறுமையாக இருக்கவே கூடாது. கோட்டிலிருந்து எவ்வளவு கீழ்க்காற்றுப் பக்கம் தள்ளப்பட்டீர்கள் என்று ஒவ்வொரு முறையும் அளந்துகொள்ளுங்கள்.

நான்காம் வாரம், புல்லில் ஒரு பலகையை வைத்து அதன்மேல் முழங்காலிட்டு, விங் பறந்துகொண்டிருக்க, ஒவ்வொரு காலாக ஊன்றி எழும்புங்கள். பலகை அசையக் கூடாது. கொழுந்து எடுக்கும்போது தேயிலைமேல் வைக்கும் மட்டக்கம்பு எப்படிக் கிடக்கிறதோ, போர்டும் அப்படிக் கிடக்க வேண்டும்.

மலைநாட்டுத் தண்ணீர்

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைப் பார்த்தால் ஆசை வரும். அங்கே ஃபொயிலோடு இறங்க வேண்டாம். பழைய மஸ்கெலியா ஊர் மவுசாகலை நீருக்கடியில்தான் இருக்கிறது. நீர் வற்றும் காலத்தில் பழைய கோயிலின் மிச்சங்கள் வெளியே தெரியும். நீர் உயர்ந்திருக்கும்போது அந்தச் சுவர்களும் மரக்கட்டைகளும் மாஸ்ட் எட்டும் ஆழத்தில் எங்கே கிடக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. அணைக்கட்டு, நீர் உள்வாங்கும் வாய் போன்ற இடங்களின் ஆபத்து வேறு.

நுவரெலியா கிரகரி வாவியில் படகுகள் ஓடுகின்றன, கூட்டமும் அதிகம். பொறுப்பானவர்களிடம் அனுமதி பெற்று, காற்றில்லாத காலைவேளையில், ஃபொயில் பூட்டாத பெரிய போர்டில் முழங்காலிடவும் எழும்பவும் துடுப்புப் போடவும் பழகலாம். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர் குளிர், 3 மில்லிமீற்றர் நீச்சல் உடை இல்லாமல் அரை மணி நேரத்துக்குமேல் தாங்காது.

கற்பிட்டியில் முதல் பறப்பு

மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று, கரையோரத்தார் சொல்லும் சோளகம். டிசம்பர் முதல் மார்ச் வரை வாடை, சற்று மெல்லியது. முதல் பயணத்துக்கு வாடைக் காலம் நல்லது, பலத்த காற்றுக்குச் சோளகம். ஏப்ரலும் ஒக்டோபர் கடைசி முதல் நவம்பர் முடியும் வரையும் இடியும் மின்னலும் கூடிய இடைக்காலம், பயணம் வைக்க வேண்டாம்.

கடற்பக்கம் போகாமல் களப்பில் பழகுங்கள். நெஞ்சளவுத் தண்ணீர் வேண்டும். மாஸ்ட்டும் இறக்கையும் சேர்ந்து 80 சென்டிமீற்றருக்குமேல் வருவதால் இடுப்பளவில் விழுந்தால் ஃபொயில் தரையில் இடிக்கும். மீனவர்களின் வலையும் நட்ட கம்புகளும் எங்கே இருக்கின்றன என்று இறங்குமுன் அவர்களிடமே கேளுங்கள். வலை அவர்களின் பிழைப்பு. காற்று தள்ளினால் எந்தக் கரையில் ஒதுங்குவோம் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்றில், பின்னால் படகு இல்லாமல் இறங்கக் கூடாது.

வசதி இருந்தால் முதல் அரை மணி நேரம் சிறு படகின் பின்னால் கயிற்றைப் பிடித்து, விங் இல்லாமல், மணிக்கு 12–15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிப் பாருங்கள். ஃபொயில் தூக்குவது எப்படி இருக்கும் என்று கால் தெரிந்துகொள்ளும்.

பிறகு விங்கோடு, 14–18 நொட்டில்:

1. ஃபொயிலைப் பக்கவாட்டில் சாய்த்தபடி போர்டைத் தண்ணீருக்குள் கொண்டுபோய், ஆழம் வந்ததும் நிமிர்த்துங்கள். விங் எப்போதும் உங்களுக்குக் கீழ்க்காற்றில், போர்ட் காற்றுக்குக் குறுக்காக.
2. போர்டின் நடுவில் ஏறி முழங்காலிடுங்கள். முன்குழாயைப் பிடித்து விங்கை உயர்த்தி, மைதானத்து அடைக்கல நிலையில் ஒரு மூச்சு நில்லுங்கள்.
3. பின்கையைப் பூட்டி, முழங்காலிலேயே 20–30 மீற்றர் ஓடுங்கள். ஓட்டம் இல்லாமல் எழும்பினால் போர்ட் உருளும்.
4. முன்கால், பிறகு பின்கால். பின்கால் மாஸ்ட்டுக்கு நேர் மேலே அல்லது ஒரு விரற்கடை முன்னால். பார்வை போகும் திசையில், போர்டில் அல்ல.
5. வேகம் கூடும்போது போர்ட் இலேசாகும். அந்த நொடியில் பின்காலை அழுத்த ஆசை வரும், பொறுங்கள். எடையை முன்காலுக்குக் கொடுத்து 20 சென்டிமீற்றர் உயரத்திலேயே வைத்திருங்கள்.
6. சமநிலை போனால் பின்கையை விட்டு, போர்டைக் காலால் தள்ளி, பக்கவாட்டில் தட்டையாக விழுங்கள். முன்னால் குதிக்கக் கூடாது.

தொடங்கியதும் போர்ட் காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடுவதுதான் பலருக்கும் வரும் முதல் தொல்லை. எடை பின்னால் இருப்பதும் பின்கையை அளவுக்குமேல் இழுப்பதும்தான் காரணம். அரை அடி முன்னால் நகருங்கள், விங்கைச் சற்று முன்னோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபொயில் திடீரென்று கனத்துவிட்டால் மாஸ்ட்டில் களப்புப் புல் சுற்றியிருக்கும். இறங்கிக் கழற்றுங்கள்.

காற்று 20 நொட்டைத் தாண்டும்போது

ஒரே மூச்சில் 200 மீற்றர் பறக்கவும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவும் முடிந்த பிறகுதான் இது. கடலோரத்தில் பிற்பகல் காற்று ஏறும். அதனால் காற்று இன்னும் 18இல் இருக்கும் முற்பகலில், 4 சதுர மீற்றர் விங்கோடு இறங்கி, அது ஏற ஏறக் கூடவே பழகுவது நேரே 25இல் இறங்குவதைவிட நல்லது.

விங்கை மட்டும் சிறிதாக்கிவிட்டுப் பழைய பெரிய முன் இறக்கையோடு போவது பெரிய பிழை. இறக்கையின் தூக்குவிசையும் வேகத்தின் இருமடிப்படிதான் கூடுகிறது. 10 நொட் ஓட்டத்தில் சரியாகத் தூக்கிய இறக்கை 14 நொட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூக்கும். முன்காலில் முழு எடையைப் போட்டும் போர்ட் ஏறிக்கொண்டே போய், இறக்கை நீர்மட்டத்தைத் தொட்டுக் காற்றை உள்ளே இழுத்து, தூக்குவிசை ஒரு நொடியில் அற்றுத் தலைகீழாகப் போடும். 70 கிலோவுக்கு 1,100–1,300 சதுர சென்டிமீற்றர் இறக்கைக்கு மாறுங்கள். அது இல்லையென்றால் மாஸ்ட்டை அதன் தடத்தில் 1 சென்டிமீற்றர் பின்னுக்கு நகர்த்திப் பாருங்கள், முன்காலின் பாரம் குறையும்.

தொடங்கும்போது விங்கைத் தலைக்கு மேல் உயரமாக வைத்திருங்கள். தாழ்த்தினால் கீழ் நுனி நீரில் மாட்டி விங் புரண்டுவிடும். புரண்டால் மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு நுனியைப் பிடித்துச் சற்று உயர்த்தினால் காற்றே அடியில் புகுந்து திருப்பிவிடும்.

பறக்கும்போது குத்து வரும் அறிகுறி தண்ணீரில் தெரியும்: மேல்காற்றுப் பக்கம் கருத்த சுருக்கம் ஓடிவரும். அது எட்டுமுன்னே முழங்காலை மடித்து எடையை முன்காலுக்குக் கொடுங்கள். எட்டியதும் பின்கையைத் திறங்கள், போர்டைச் சற்றுக் காற்றை நோக்கித் திருப்புங்கள். ஒழுங்கு இதுதான்: கால், கை, திசை. கீழ்க்காற்றுக்குத் திரும்பித் தப்ப நினைத்தால் வேகம் இன்னும் கூடும்.

முழங்கைக்குக் கீழே கை மரத்துப்போவது வலுக்குறைவால் அல்ல, முழு உள்ளங்கையாலும் இறுக்கிப் பிடிப்பதால். விரல்களைக் கொக்கிபோல் மாட்டினால் போதும். மரத்த கையோடு இன்னும் ஒரு ஓட்டம் என்று போகக் கூடாது, பின்கை திறக்க மறுப்பது அப்போதுதான்.

ஏதும் உடைந்தால் போர்டை விட்டு நீந்த வேண்டாம். போர்டில் குப்புறப் படுத்து, விங்கின் முன்குழாய்க் கைப்பிடியைக் காலில் மாட்டிப் பின்னால் இழுத்தபடி, காற்றுக்குக் குறுக்காகக் கையால் தள்ளிக் கரை சேருங்கள். விங் நிற்கவிடாமல் இழுத்தால் முன்குழாயின் காற்றைத் திறந்துவிட்டுச் சுருட்டிப் போர்டின்மேல் வையுங்கள். கரையில் ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவர் கையில் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தோடு தொலைபேசி இருக்க வேண்டும்.

மனம் சோரும் இடங்கள்

நான்காம், ஐந்தாம் தடவைகளில் சோர்வு வரும். முழங்காலில் ஓடுவது எளிதாகிவிடும், பறப்பு மூன்று நொடிக்குமேல் நிற்காது, விழுந்து விழுந்து தண்ணீர் குடித்ததுதான் மிச்சம் என்று தோன்றும். மலையிலிருந்து போகிறவருக்கு அடுத்த வாய்ப்பு ஒரு மாதம் கழித்துத்தான் என்பது இன்னும் கனக்கும்.

ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு இலக்கு வையுங்கள். "பறக்க வேண்டும்" என்பது இலக்கு அல்ல. "10 நொடி, மூன்று தடவை" என்பது இலக்கு. சிறு கொப்பியில் காற்றின் சராசரி, உச்சக் குத்து, விங் அளவு, முயன்ற தடவை, நீண்ட பறப்பின் நொடி என்று ஐந்து எண்களை மட்டும் குறியுங்கள். ஞாபகம் விழுந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும், கொப்பி 3 நொடி 7 ஆனதையும் வைத்துக்கொள்ளும்.

இரண்டு பேராகப் போங்கள். ஒரு தொகுதி பொருளை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டால் வாடகை பாதி, ஓய்வு கட்டாயம், கரையில் பார்க்க ஆளும் உண்டு. ஒரே பிழையில் மூன்று தடவை விழுந்தால் கரைக்கு வந்து 15 நிமிடம் உட்காருங்கள், களைத்த உடம்பு பிழையைத்தான் பழகும். நாளைக்கு 60–90 நிமிடமாக இரண்டு வேளை போதும். காற்றே இல்லாத நாளுக்கும் ஒரு வேலை வைத்திருங்கள்: போர்டிலிருந்து விழுந்து ஏறுதல், விங்கைப் புரட்டுதல். பயணத்துக்கும் பயணத்துக்கும் இடையில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்தெழும் பயிற்சி 30 தடவை, ஒற்றைக்காலில் ஒரு நிமிடம், மைதானத்தில் கை மாற்றும் பயிற்சி 40 தடவை.

திரும்பும்போது

மாஸ்ட்டின் திருகாணிகளைக் கற்பிட்டியிலேயே கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் தடவுங்கள். அலுமினியத்தில் எவர்சில்வர் திருகாணி உப்போடு ஒரு வாரம் இருந்தால் பிறகு கழற்ற முடியாது.

உங்கள் போர்ட் உறுதியான வகை என்றால் அதன் மேற்பரப்பில் கையால் திறக்கும் காற்றுத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கலகெதர ஏற்றத்துக்கு முன்பே திறந்துவிடுங்கள். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான், மூடிய போர்ட் உள்ளிருந்து உப்பித் தோல் பிரிந்துவிடும். காற்றடைக்கும் போர்டில் கரையில் 15 பி.எஸ்.ஐ. அடித்து அப்படியே ஏற்றினால் மேலே அது 18 காட்டும், அதனால் குறைத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை இறங்குமுன் திருகை மூட மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் விங்கை விரித்து நிழலில் காயவையுங்கள். பனிமூட்டக் காலத்தில் இரண்டு நாளும் எடுக்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் தையல் ஓரங்களில் கரும்பூஞ்சணம் பிடிக்கும், பிறகு போகாது.